ஊசி குத்தினால் அன்றே எழுதுங்கள்

(சுங்கை புரோங் வட்டாரத்தில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இரவு ஷிப்டில் இருந்ததால் வர முடியாமல் போனவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே வெளியிடுகிறோம்.)



மருத்துவமனையைப் பற்றிப் பேச்சு என்று சொன்னதும் உங்களில் சிலர் இனிப்பு நீர், இரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் என்று நினைத்து வந்திருக்கிறீர்கள். மன்னிக்கவும். இன்றைக்கு நான் பேசப் போவது நோயாளியாக மருத்துவமனைக்குப் போகிறவர்களைப் பற்றி இல்லை. வேலைக்காக அங்கே போகிறவர்களைப் பற்றி.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் வேலை செய்கிறார்களா? கூட்டுகிறவர், துடைக்கிறவர், துணி மூட்டை தூக்குகிறவர், குப்பைத் தொட்டி தள்ளுகிறவர், பிபிகே, தாதி, யாராக இருந்தாலும் சரி. கை தூக்குங்கள் பார்க்கலாம்.

(பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினர்.)

பார்த்தீர்களா? இது நெல் வயலும் செம்பனையும் சூழ்ந்த இடம். ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிற குடும்பங்களில் பாதி தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம், கிள்ளான், சுங்கை பூலோ மருத்துவமனைகளை நம்பி உலை வைக்கின்றன. இதைப் படித்துக் கொண்டிருக்கும் நீங்களும் உங்கள் வீட்டை, பக்கத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். கணக்கு பெரிதாக மாறாது.

இது எப்படி நடந்தது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய் செம்பனை வந்தது. பிறகு வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தன. லயத்து வீட்டை விட்டு வெளியே வந்த நம் பெண்களுக்குப் படிப்புச் சான்றிதழ் அதிகம் கேட்காமல் கிடைத்த வேலைகளில் ஒன்று மருத்துவமனைத் துப்புரவு. வெயில் இல்லை, மழை இல்லை, பாம்பு இல்லை, அட்டை இல்லை. கூரைக்குக் கீழே வேலை. "ஆஸ்பத்திரியில் வேலை" என்று சொன்னால் சம்பந்தம் பேச வருகிறவர்களும் கொஞ்சம் மதிக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நாம் கேட்கவில்லை.

அம்மா அடித்த மருந்து

கொஞ்சம் பின்னால் போவோம். என் அம்மா தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் பம்பு. கீழே லாலான் புல்லுக்கு அடித்தால் காற்றில் மேலே முகத்துக்கு வரும். மூக்கில் இரத்தம் வந்திருக்கிறது. விரல் நகம் கறுத்து விழுந்திருக்கிறது. கேட்டால் "சூடு" என்பார். இளநீர் குடித்துவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுவார்.

அந்தக் களைக்கொல்லியின் பெயர் பாராகுவாட். குடித்தால் ஆளைக் கொல்லும், மாற்று மருந்து கிடையாது. அதை நாம் என்ன பெயர் சொல்லி அழைத்தோம்? "மருந்து." நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்தவர்கள் நாம்தான்.

2002 இல் தெனாகனித்தாவும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து தோட்டத்துப் பெண் தொழிலாளர்களின் நிலையை ஆய்வு செய்து அறிக்கை வெளியிட்டன. அதே 2002 இல் அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006 இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1 ஆம் தேதி. இடையில் எத்தனை ஆண்டுகள் என்று நீங்களே கூட்டிக் கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? கம்பெனிகளின் பலம் ஒரு காரணம். இன்னொரு காரணம், நம் தாய்மார்களின் நோய் எங்கேயும் எழுதப்படவில்லை. தோட்டத்து டிரெசர் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார், தலைவலிக்கு மாத்திரை கொடுத்தார். புத்தகத்தில் "கண் எரிச்சல்", "தலைவலி" என்று எழுதினார். "மருந்தடித்ததால் வந்தது" என்று எழுதவில்லை. எழுதப்படாத நோய்க்கு நஷ்டஈடு இல்லை. எழுதப்படாத நோயை நாடாளுமன்றத்தில் யாரும் எடுத்துப் பேச முடியாது.

இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

1997 இல் என்ன நடந்தது?

ஒரு காலத்தில் அரசு மருத்துவமனையில் கூட்டித் துடைத்தவர் அரசு ஊழியர். ஓய்வூதியம் உண்டு, குடும்பத்துக்கு அரசு மருத்துவச் சலுகை உண்டு. 1997 ஜனவரி 1 முதல் மருத்துவமனை ஆதரவுச் சேவைகள் ஐந்து தனியாருக்குக் கொடுக்கப்பட்டன. துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு அகற்றுதல், கட்டட பராமரிப்பு, மருத்துவக் கருவி பராமரிப்பு. நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மூன்று நிறுவனங்கள் 15 ஆண்டு ஒப்பந்தம் எடுத்தன. 2015 இல் மறுபடியும் பத்தாண்டு ஒப்பந்தம் போடப்பட்டது.

அன்று முதல் ஒரே வார்டில் இரண்டு வகை மனிதர்கள். நோயாளிக்கு ஊசி போடும் தாதி அரசாங்கத்தின் ஆள். அந்த ஊசி தப்பி விழுந்த தரையைத் துடைக்கும் அக்கா குத்தகையாளரின் ஆள். கிருமிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் தடுப்பூசி யார் போடுவது, முகக்கவசம் யார் தருவது, விபத்தை யார் பதிவு செய்வது என்று வரும்போது இந்த வித்தியாசம் மலை மாதிரி நிற்கிறது. மருத்துவமனை "உங்கள் கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறது. கம்பெனி "ஆஸ்பத்திரியில் கேளுங்கள்" என்கிறது. நடுவில் நம் அக்கா நிற்கிறார்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பயமுறுத்த இல்லை. தெரிந்து கொள்வதற்காக.

முதலாவது, ஊசி. பயன்படுத்திய ஊசி, பிளேடு, உடைந்த மருந்துக் குப்பி எல்லாம் மஞ்சள் நிறக் கெட்டிப் பெட்டிக்குள் போக வேண்டும். அந்தப் பெட்டியும் முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். இரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள் பைக்கு. சாதாரணக் குப்பை கறுப்புப் பைக்கு. இது விதி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு தாதி முப்பது நோயாளிகளைப் பார்த்துக் கொண்டிருக்கும்போது ஊசி ஒன்று கறுப்புப் பைக்குள் விழுந்துவிடுகிறது. விடியற்காலையில் நம் அக்கா அந்தப் பையை அமுக்கிக் கட்டுகிறார். அல்லது தோளில் சாத்தித் தூக்குகிறார். சுருக்கென்று குத்துகிறது.

பாதிக்கப்பட்டவரின் இரத்தம் உள்ள ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை. ஹெப்பட்டைட்டிஸ் சி என்றால் நூற்றுக்கு 3 வரை. எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு 3. இதில் மிகப் பெரிய ஆபத்தான ஹெப்பட்டைட்டிஸ் பிக்குத் தடுப்பூசி இருக்கிறது. மூன்று ஊசி, ஆறு மாதத்தில் முடிந்துவிடும். எச்.ஐ.வி.க்கும் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்துக்குள், தடுப்பு மாத்திரை தொடங்கலாம். அதாவது முக்கால்வாசி ஆபத்தைத் தடுக்க வழி இருக்கிறது. வழி இருந்தும் கிடைக்கவில்லை என்றால் அது விதி இல்லை, யாரோ செய்யத் தவறிய வேலை.

இரண்டாவது, காற்று. நம் நாட்டில் இப்போதும் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் பதிவாகிறது. அவர்கள் இருமும் வார்டை யாரோ துடைக்க வேண்டும். காசநோய் காற்றில் பரவும். மெல்லிய அறுவை முகக்கவசம் அதைத் தடுக்காது, என்95 வேண்டும். அதைவிட முக்கியம், அந்த அறையில் காற்றோட்டம் இருக்கிறதா என்பது. சன்னல் மூடி, ஏர்கான் பழுதாகி, கட்டிலுக்குக் கட்டில் இடமில்லாமல் நெருக்கிய வார்டில் யார் எவ்வளவு கவனமாக இருந்தாலும் மூச்சு விடாமல் இருக்க முடியாது.

மூன்றாவது, ரசாயனம். தரை துடைக்கிற குளோராக்ஸ், கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட். இதையும் நம் பெண்கள் எப்படிச் சொல்கிறார்கள்? "மருந்து போட்டுத் துடைச்சேன்." மறுபடியும் மருந்து! குளோராக்ஸையும் ஆசிட் கலந்த கழிவறை திரவத்தையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைச் சுடும். கதவு மூடிய கழிவறையில் இது உயிருக்கே ஆபத்து. இந்த ரசாயனங்களின் லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று 2013 ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. நம் அக்காவுக்கோ வங்காளதேசத் தம்பிக்கோ அது புரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. சில இடங்களில் லேபிளே இல்லாத மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

2018 இல் நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது அது. துப்புரவு வேலை செய்த பெண்களின் நுரையீரல், செய்யாத பெண்களின் நுரையீரலைவிட வேகமாகத் தளர்ந்திருந்தது. நார்வே பணக்கார நாடு, அங்கேயே அப்படி. நம் நிலையை நினைத்துப் பாருங்கள்.

நான்காவது, முதுகும் மூட்டும். ஈரத் துணி மூட்டை, குப்பைத் தள்ளுவண்டி, படுக்கையிலிருந்து நோயாளியைத் தூக்கி மாற்றுவது. நோயாளியைத் தூக்க உதவும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் பிபிகேயின் முதுகுதான் கருவி. நாற்பது வயதில் குனிந்து சாமி கும்பிட முடியவில்லை என்கிறார்கள்.

ஐந்தாவது, இரவு வேலையும் சாலையும். இரவு ஷிப்ட் வேலை புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007 இல் சொன்னது, 2019 இலும் அதை உறுதிப்படுத்தியது. அது நீண்ட கால ஆபத்து. உடனடி ஆபத்து என்ன தெரியுமா? இரவு முழுக்க விழித்துவிட்டு, காலையில் கிள்ளானிலிருந்தோ சுங்கை பூலோவிலிருந்தோ மோட்டார் சைக்கிளில் செம்பனை லாரிக்கும் மணல் லாரிக்கும் நடுவே வீட்டுக்கு வருவது. அந்தச் சாலை உங்களுக்குத் தெரியும். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கவனக்குறைவா?

ஒரு சம்பவம் சொல்கிறேன். பெயர் வேண்டாம், மருத்துவமனையும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி. கறுப்புப் பையைக் கட்டும்போது உள்ளங்கையில் ஊசி குத்தியது. சூப்பர்வைசரிடம் காட்டினார். "கழுவிட்டு வேலையைப் பார், அடுத்த தடவை கவனமா இரு" என்றார். தங்கச்சியும் கழுவினார், பிளாஸ்டர் ஒட்டினார், வேலையைப் பார்த்தார். எழுதவில்லை. இரத்தம் எடுக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து வேறு காரணத்துக்கு இரத்தம் பார்த்தபோது ஹெப்பட்டைட்டிஸ் சி என்று வந்தது.

கம்பெனியிடம் போனார். "இங்கேதான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். ஆதாரம் இல்லை. அந்தக் காலை வேளை எந்தக் காகிதத்திலும் இல்லை. அதைவிடக் கொடுமை என்ன என்றால், ஊரில் சிலர் அந்தத் தங்கச்சியின் நடத்தையைப் பற்றிப் பேசினார்கள். நோயும் அவருக்கு, பழியும் அவருக்கு.

இது கவனக்குறைவா? கேட்கிறேன். ஊசியைக் கறுப்புப் பைக்குள் போட்டது அவரா? குத்தினால் தாங்குகிற கையுறை கொடுக்காதது அவரா? மூன்று பேர் செய்த வார்டை ஒருவரைச் செய்யச் சொன்னது அவரா? வேலையிடப் பாதுகாப்பில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் ஆபத்து குறைந்த பொருளை மாற்றிக் கொடு. பிறகு தடுப்பு அமைப்பு செய். பிறகு வேலை முறையை மாற்று, பயிற்சி கொடு. கடைசியில்தான் கையுறை, முகக்கவசம். நம் இடங்களில் முதல் நான்கும் நடப்பதில்லை. கடைசியில் உள்ளதையும் எண்ணி எண்ணிக் கொடுக்கிறார்கள். உலகத்திலேயே அதிகமாக ரப்பர் கையுறை செய்யும் நாடு மலேசியா. பால் வெட்டிய தாத்தாவின் பேத்திக்கு ஒரு ஷிப்டுக்கு இரண்டு ஜோடி கையுறை கொடுக்கக் கணக்குப் பார்க்கிறார்கள்.

துப்புரவுத் தொழிலாளிக்கு மட்டுமே இந்த ஆபத்து என்று நினைக்காதீர்கள். 2016 அக்டோபர் 25 ஆம் தேதி ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்தது. ஆறு நோயாளிகள் மாண்டார்கள். கட்டடம் பழுதானால், ஆள் போதாவிட்டால், நோயாளியும் டாக்டரும் தாதியும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். நாம் நமக்காகக் கேட்கும் பாதுகாப்பு, நாளை அதே கட்டிலில் படுக்கப் போகும் நம் அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

ஈப்போவில் ஐந்து பேர்

2020 இல் கோவிட் வந்தது. சுங்கை பூலோ மருத்துவமனை கோவிட் மருத்துவமனை ஆனது. நாடே முன்களப் பணியாளர்களுக்குக் கை தட்டியது. ஆனால் அந்தக் கைதட்டலில் மாப் பிடித்த கைகள் எத்தனை பேர் கண்ணில் பட்டன?

அந்த ஆண்டு ஜூன் 2 ஆம் தேதி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு முன்னால் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக ஒரு மறியல் நடந்தது. போதிய பாதுகாப்புக் கவசம் தரப்படவில்லை, சங்கத்தைச் சேர்ந்தவர்கள் நெருக்கப்படுகிறார்கள் என்பது அரசு மருத்துவமனைகளில் வேலை செய்யும் தனியார் ஆதரவுச் சேவைத் தொழிலாளர் சங்கத்தின் குற்றச்சாட்டு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை மீறினார்கள் என்று போலீஸ் ஐந்து பேரைக் கைது செய்தது. சங்கத்தின் நிர்வாகச் செயலாளர் சகோதரி சரஸ்வதியும் அவர்களில் ஒருவர். இரவு காவலில் வைத்து, மறுநாள் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள்.

கையுறை கேட்டவர்களுக்குக் கைவிலங்கு. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதே நேரத்தில் இதையும் சொல்லுங்கள்: அந்த மறியலால்தான் மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளி என்று ஓர் இனம் இருப்பதே பல பத்திரிகைகளுக்குத் தெரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் மக்களுக்கு ஒரு பழக்கம். சட்டம் என்றாலே அது வக்கீலுக்கு, போலீசுக்கு என்று ஒதுங்கி விடுவோம். ஆறு விஷயங்களை மட்டும் மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

1. 1994 ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி பாதுகாப்பான வேலையிடத்தைக் கொடுப்பது முதலாளியின் கடமை. 2022 இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது.

2. பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்க வேண்டிய பொருளுக்கு உங்கள் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. கையுறைக்கும் பூட்ஸுக்கும் பிடித்தால் அது குற்றம்.

3. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பினால், சொல்லியும் முதலாளி எதுவும் செய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்க உங்களுக்கு உரிமை உண்டு. இது புதிய திருத்தத்தில் வந்தது.

4. பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்ததற்காக வேலையை விட்டு நிறுத்தவோ பதவி இறக்கவோ கூடாது.

5. நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் அந்தப் பிரதிநிதி யார்? தெரியாவிட்டால் நாளைக்கே கேளுங்கள்.

6. சொக்சோ. வேலையில் காயம், வேலையால் வந்த நோய், வீட்டுக்கும் வேலைக்கும் இடையே போய் வரும் வழியில் விபத்து, மூன்றுக்கும் பாதுகாப்பு உண்டு. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. கொடுத்தால், அந்த நாட்களுக்கு சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ உண்டு. உங்களோடு வேலை செய்யும் அந்தத் தம்பிக்கும் சொல்லுங்கள். அரசின் நிரந்தர ஊழியர்களான தாதியருக்கு சொக்சோ கிடையாது. அவர்களுக்கு அரசாங்கம் தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. அவர்கள் தங்கள் இலாகாவில் கேட்க வேண்டும்.

ஊசி குத்தினால் என்ன செய்வது?

வீட்டில் குளிர்பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

குத்திய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கசக்கிப் பிழிய வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். உடனே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். அதே மணி நேரத்தில் அவசரப் பிரிவுக்குப் போய் "வேலையில் ஊசி குத்திவிட்டது" என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். அன்றே இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

அன்றைய இரத்தம் ஏன் முக்கியம்? அது நீங்கள் அன்று நோயில்லாமல் இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி. சில வாரம், சில மாதம் கழித்து மறுபடியும் எடுக்கும் இரத்தத்தில் நோய் தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேள்வி கேட்க முடியாது. எனக்குத் தெரிந்த அந்தத் தங்கச்சியிடம் இல்லாமல் போனது இந்த ஒரு காகிதம்தான். எம்.சி. கிடைக்காத சின்னக் குத்தாக இருந்தாலும் பதிவு செய்யுங்கள்.

பிறகு வீட்டுக்கு வந்து ஒரு பள்ளிப் புத்தகத்தில் எழுதுங்கள். தேதி, நேரம், எந்த வார்டு, எந்த நிறப் பை, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். எழுத வராவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியில் படிக்கிற பிள்ளை அம்மாவுக்காக நாலு வரி எழுதாதா? கைத்தொலைபேசியில் காயத்தைப் படம் எடுங்கள். சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாலும் போதும், தேதியும் நேரமும் தானாக விழுந்துவிடும். மூச்சு முட்டினாலும், கை தோல் உரிந்தாலும், முதுகு பிடித்தாலும் இதே முறைதான். கிளினிக் டாக்டரிடம் "நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறேன், இந்தத் திரவத்தைப் பயன்படுத்துகிறேன்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார். வரிசையில் இன்னும் அறுபது பேர் நிற்கிறார்கள்.

குத்தகை மாறினால் ஆள் புதிதா?

கடைசியாக ஒரு விஷயம். வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு. இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். இருபது ஆண்டு ஒரே வார்டைத் துடைத்த அக்காவுக்கு எத்தனை நாள்? 22 என்பீர்கள். ஆனால் குத்தகையாளர் மாறும்போது புதிய கம்பெனி அவரைப் புது ஆளாக எழுதிக் கொண்டால் மறுபடியும் 14. வார்டு அதே, மாப் அதே, சூப்பர்வைசர்கூட அதே. சட்டைமேல் கம்பெனி பெயர் மட்டும் மாறியிருக்கிறது. வயது ஏற ஏற நோய் கூடுகிறது, விடுப்பு குறைகிறது. அதனால் காய்ச்சலோடும் வேலைக்கு வருகிறார். ஊசி குத்தினாலும் வாய் திறப்பதில்லை, அடுத்த ஒப்பந்தத்தில் பெயர் விட்டுப் போகுமோ என்ற பயம்.

ஆகவே ஆபத்து ஊசியில் மட்டும் இல்லை, ஒப்பந்தக் காகிதத்திலும் இருக்கிறது. பயந்த தொழிலாளி புகார் செய்ய மாட்டார். புகார் இல்லாத இடத்தில் விபத்தே இல்லை என்று அறிக்கை போகும். அறிக்கை நன்றாக இருந்தால் அதே கம்பெனிக்கு மறுபடியும் ஒப்பந்தம்.

இதனால் நாம் கேட்பது இவைதான்:

- குத்தகையாளர் மாறினாலும் தொழிலாளியின் சேவை ஆண்டுகள் தொடர வேண்டும்.
- வேலைக்குச் சேரும் முதல் நாளே ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி, காசநோய்ப் பரிசோதனை. செலவு முதலாளியுடையது.
- பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளிக்குப் புரியும் மொழியில். தமிழிலும்.
- யாருடைய ஆளாக இருந்தாலும், மருத்துவமனைக்குள் நடக்கும் ஊசிக் காயம் அனைத்தும் ஒரே பதிவேட்டில்.
- இவற்றை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மீறினால் ஒப்பந்தம் போக வேண்டும்.

இவை சலுகை இல்லை, உரிமை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அதுவும் யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததில்லை, பல ஆண்டு கேட்டு வாங்கியது. சங்கத்தில் சேருங்கள். தனியாக ஒருவர் கேட்டால் அவர் பிரச்னைக்காரர். நூறு பேர் கேட்டால் அது கோரிக்கை.

தேர்தல் வந்தால் நம் வட்டாரத்துக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள். அரிசி மூட்டை தருவார்கள். வாங்கிக் கொள்ளுங்கள், அது நம் வரிப்பணம். ஆனால் கையில் இந்தக் கோரிக்கைத் தாளையும் கொடுங்கள்.

என் அம்மா மருந்தடித்ததற்கு ஒரு காகிதமும் இல்லை. அவர் இருமிய இருமல் எங்கள் வீட்டுச் சுவருக்கு மட்டுமே தெரியும். உங்கள் பிள்ளைகள் நாளைக்கு இப்படி ஒரு மேடையில் நின்று, "என் அம்மா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார், எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை" என்று சொல்லக் கூடாது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். வேலைக்குச் சேர்ந்த தேதியை எழுதுங்கள். மற்றதை நாம் சேர்ந்து எழுதுவோம்.